வெளிநாட்டில் கார் ஓட்டுகிறீர்களா? பயம் தெளிந்த பிறகுதான் கவனம் தேவை

வேறு நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களுக்குக் கார் ஓட்டப் பயிற்சி கொடுப்பது என் தொழில். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் சொந்த நாட்டில், சாலையின் மறுபக்கத்தில் பல வருடம் ஓட்டியவர்கள். முதல் சில வாரங்கள் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சந்திப்பிலும் நின்று பார்த்துத்தான் போவார்கள். அப்போது எனக்கு அவர்களைப் பற்றிப் பெரிய கவலை இருக்காது. "இப்போ நல்லாப் பழகிடுச்சு சார்" என்று சொல்லத் தொடங்கும்போதுதான் கவலை வருகிறது.

ஆரம்பத்தில் யோசித்து ஓட்டுகிறோம். பழகிய பிறகு கையும் காலும் தானாக வேலை செய்கின்றன. அப்படித் தானாக வருவதில் பல வருடப் பழக்கமும் இருக்கிறது, சில மாதப் பழக்கமும் இருக்கிறது. களைப்பிலோ அவசரத்திலோ, மனசு வேறெங்கோ இருக்கும்போதோ முந்திக்கொள்வது பழையதுதான்.

ஸ்வீடன் 1967 செப்டம்பர் 3 அன்று, ஒரே நாளில், இடப்பக்கம் ஓட்டுவதிலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. விபத்துகள் பெருகும் என்று பலர் பயந்தார்கள். ஆனால் அடுத்த மாதங்களில் விபத்துகள் குறைந்தன. வேக வரம்பைக் குறைத்திருந்தார்கள், மக்களும் பார்த்துப் பார்த்து ஓட்டினார்கள். பயம் தெளிந்ததும், சுமார் இரண்டு வருடத்தில் எண்ணிக்கை பழைய நிலைக்கே வந்துவிட்டது. தனி மனிதருக்கும் இதுவேதான் நடக்கிறது.

சரி, தவறான பக்கத்தில் எப்போது ஏறிவிடுகிறோம்? நெரிசலில் அல்ல. அங்கே மற்ற வண்டிகளே வழி காட்டிவிடும். காலியான சாலையில்தான் தப்பு நடக்கிறது. விடியற்காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது, பெட்ரோல் போட்டுவிட்டு வெளியே வரும்போது, பார்க்கிங்கிலிருந்து சாலையில் திரும்பும்போது, ஒருவழிச் சாலை முடிந்து இருவழியாகும் இடத்தில். நிறுத்திவிட்டு மறுபடி கிளம்பும் ஒவ்வொரு முறையும் ஆபத்தான கணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லிக்கொடுக்கும் வழி எளியது: அந்தந்த நாட்டு வண்டியில் ஓட்டுநர் இருக்கை எப்போதும் சாலையின் நடுக்கோட்டுப் பக்கம்தான் வரும். திரும்புவதற்கு முன் "நான் நடுக்கோட்டுப் பக்கம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம், கண்ணுக்குத் தப்புவதை வாய் பிடித்துவிடும். இருக்கை மறுபக்கம் உள்ள இறக்குமதி வண்டிக்கு மட்டும் இது பொருந்தாது.

இன்னொரு சிக்கலைப் பலர் உணர்வதே இல்லை. இருக்கை பக்கம் மாறியதும், லேனுக்குள் நம் உடம்பு பழைய இடத்திலேயே இருக்கப் பார்க்கும். அதனால் வண்டி முழுவதும் பக்கத்து இருக்கைப் பக்கமாக ஒதுங்கிப் போகும். அந்த ஓரத்தில்தான் சைக்கிள்காரர்களும் நடப்பவர்களும் இருக்கிறார்கள். வெறும் நிறுத்துமிடத்தில் கோட்டை ஒட்டி மெதுவாக ஓட்டிப் பார்த்து, அந்தப் பக்கத்துச் சக்கரம் எங்கே போகிறது என்று கண்ணாடியில் பாருங்கள். நாலைந்து நாள் பொறுமையாகச் செய்தால் அளவு பிடிபட்டுவிடும்.

நடந்து போகும்போதும் இதே கவனம் வேண்டும். சாலையைக் கடக்கையில் தலை முதலில் பழைய பக்கம்தான் திரும்பும். லண்டனில் பல இடங்களில் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று தரையிலேயே எழுதி வைத்திருப்பது இதற்காகத்தான்.

அப்புறம், ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் பேசும் மொழி. ஹெட்லைட்டைச் சிமிட்டினால் சில நாடுகளில் "நீங்கள் போங்கள்" என்று எடுத்துக்கொள்வார்கள், சில நாடுகளில் "நான் வருகிறேன், நில்" என்று அர்த்தம். அதை நம்பி வண்டியை எடுக்கவே கூடாது. எதிர் வண்டி உண்மையிலேயே வேகம் குறைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும். ஜெர்மனியிலும் பிரான்சிலும், பலகையோ சிக்னலோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வரும் வண்டிக்கே முன்னுரிமை, அது சின்னச் சந்திலிருந்து வந்தாலும். அமெரிக்காவில் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கைச் சிமிட்டி நின்றால், போக ஒன்றும் வர ஒன்றுமாக இரண்டு லேன் மட்டும் உள்ள சாலையில் எதிர்த்திசையில் வருபவரும் நிற்க வேண்டும். பிரிட்டனில் குடியிருப்புப் பகுதிகளில் இரவு 11.30 முதல் காலை 7 வரை ஹார்ன் அடிக்கக் கூடாது. இதெல்லாம் பார்த்துப் பார்த்துக் கற்க வேண்டியவை அல்ல. அந்த நாட்டுச் சாலை விதிப் புத்தகத்தை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

களைப்பைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நீண்ட விமானப் பயணம் முடிந்து இறங்கியதும் வாடகைக் காரில் ஏறாதீர்கள். 17 மணி நேரம் தூங்காமல் இருந்தவரின் சுதாரிப்பு, ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு மங்கிவிடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பல நாடுகளில் ஓட்டுநருக்கான சட்ட வரம்பே அதுதான். பழைய பழக்கம் எட்டிப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது.

என்னை மிகவும் வருத்துவது குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போவது. ஊரிலிருந்து பெரியவர்கள் வந்திருப்பார்கள், "நான் கெட்டியாப் பிடிச்சுக்கிறேன்" என்பார்கள். அவர்கள் மனம் புண்படுமே என்று ஓட்டுபவரும் விட்டுவிடுவார். 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது ஏறக்குறைய மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுவதற்குச் சமம். எந்தக் கையாலும் அந்த இழுப்பைத் தாங்க முடியாது. குழந்தை இருக்கையைப் பொருத்துங்கள், பின்னால் உட்காரும் பெரியவர்களையும் பெல்ட் போடச் சொல்லுங்கள். எல்லோரும் போட்ட பிறகுதான் வண்டியைக் கிளப்புவேன் என்று சொல்லும் உரிமை ஓட்டுநருக்கு உண்டு, அதைத் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

கடைசியாக, உரிமம். சர்வதேச ஓட்டுநர் அனுமதி என்பது உங்கள் உரிமத்தின் மொழிபெயர்ப்புதான், அசல் கையில் இல்லாவிட்டால் அது செல்லாது. 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கைப்படி தரும் அனுமதி ஓராண்டுக்குச் செல்லும். ஜப்பான் அந்த வகையை மட்டுமே ஏற்கிறது. குடியேறிய பிறகு கெடு இன்னும் குறுகலாம்: ஜெர்மனியில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வாங்கிய உரிமம் பொதுவாக 6 மாதம்தான் செல்லும், பிரிட்டனில் பெரும்பாலான வெளிநாட்டு உரிமங்களுக்கு 12 மாதம். கெடு தாண்டி ஓட்டினால் உரிமம் இல்லாமல் ஓட்டியதாகவே கணக்கு, விபத்து நடந்தால் காப்பீடும் கைகொடுக்காமல் போகலாம். தேர்வுக்கான தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடும் என்பதால், போய் இறங்கிய மாதத்திலேயே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.