டிமென்ஷியா இல்லத்தில் ஒரு பூக்கூடை

முதியோர் இல்லங்களில் டிமென்ஷியா (நினைவும் சிந்தனையும் மங்கிக்கொண்டே போகும் நிலை) உள்ளவர்களுக்குப் பொழுதுபோக்கு என்று டிவியைப் போட்டுவிடுவார்கள், இல்லையென்றால் எல்.கே.ஜி. பிள்ளைகளின் வண்ணப் புத்தகம். 80 வயதுக்காரர் அதைத் தள்ளிவிட்டால் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிவைப்பதும் உண்டு. தள்ளியதில் தப்பே இல்லை.

டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமரில் முதலில் அடிபடுபவற்றில் ஒன்று, புதிய செய்திகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி. காலையில் சாப்பிட்டது நினைவில் நிற்காததற்குக் காரணம் அதுதான். பழகிப்போன கைவேலைகளோ மூளையின் உட்பகுதியிலுள்ள பேசல் கேங்க்ளியாவையும் சிறுமூளையையும் நம்பி நடப்பவை, வெகுநாள் தாக்குப்பிடிக்கும். எனவே புதிதாகக் கற்றுக்கொடுப்பதை விட, செய்து பழகிய வேலையைக் கையில் கொடுப்பது மேல்.

தோவாளைப் பூச்சந்தை பக்கத்திலிருப்பதால் கன்னியாகுமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டில் பூக்கட்டிப் பழகிய கைகளுக்குக் குறைவில்லை. அவர்களுக்கு அந்த வேலையையே கொடுக்கலாம். மேசையில் கரும்பச்சைத் துணி விரியுங்கள். வெள்ளைத் துணியில் பிச்சிப்பூ கண்ணில் படாது. பார்வை மங்கியவர்களுக்குப் பெரிய பூவான செவ்வந்தி. வாழைநாரை நனைத்துக்கொள்ளுங்கள், காய்ந்த நார் முடிச்சில் அறுந்துபோகும். தொடங்குவதுதான் அவர்களுக்குக் கஷ்டம். அதனால் முதல் நாலைந்து முடிச்சை உதவியாளரே போட்டு, நாரைக் கையில் கொடுத்து, எதிரில் உட்கார்ந்து மெதுவாகக் கட்டிக் காட்ட வேண்டும். வாயால் விளக்கினால் குழப்பமே மிஞ்சும். முடிச்சு வராதவருக்குப் பூவை இரண்டிரண்டாக ஜோடி சேர்க்கும் வேலை. அதுவும் ஆகாவிட்டால் வாடியதைப் பொறுக்குவது. கோணலாகக் கட்டினாலும் திருத்தாதீர்கள். திருத்தியது மறந்துபோகும், அவமானப்பட்ட உணர்வு மட்டும் தங்கிவிடும்.

அரளி வேண்டவே வேண்டாம். கையில் கிடைத்ததை வாயில் போடுபவர்கள் உண்டு. அரளி இதயத் துடிப்பையே குலைக்கும் விஷம்.

20 நிமிடம் போதும். சாயங்காலம் பதற்றம் கூடுபவர்களுக்குக் காலை நேரமே சரி.

கேரள எல்லைப்பக்கத்து இல்லங்களில் மொழியும் ஒரு சிக்கல். பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவுவது சகஜம். திருவனந்தபுரத்தில் ஆயுள் முழுக்க மலையாளம் பேசி வேலை பார்த்த தமிழர் தமிழுக்கே திரும்பிவிடலாம். மலையாள நர்ஸோ அவருக்குப் பேச்சு குறைந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார். சேர்க்கைப் படிவத்திலேயே மூன்று கேள்வி இருக்கட்டும்: சின்ன வயதில் வீட்டில் பேசிய மொழி, பார்த்த தொழில், பழக்கமான கை வலதா இடதா. தொழிலைக் கேட்காத இல்லத்தில் குளச்சல் மீனவர் கைக்கும் பூநார்தான் போகும். அவருக்குக் கொடுக்க வேண்டியது கிழிந்த வலைத்துண்டும் நூலும்.