பிரஷர் மாத்திரையும் பில்லியர்ட்ஸ் மேசையும்

இதே கதையை நான் கேட்பது இது மூன்றாவது முறை. ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டிய தொழில்முறை கேரம் பில்லியர்ட்ஸ் (குழியில்லாத மேசையில் கோலால் பந்தடிக்கும் ஆட்டம்) ஆட்டக்காரர் ஒருவர் எதிரில் உட்கார்ந்துகொண்டு, "நான் ஊக்கமருந்தே எடுக்கவில்லை டாக்டர், பிரஷர் மாத்திரை மட்டும்தான் போட்டேன்" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த மாத்திரையின் பெயர் அடினோலால். இதயத் துடிப்பைக் குறைத்து ரத்த அழுத்தத்தை இறக்கும் பீட்டா பிளாக்கர் வகை மருந்து அது.

ஊக்கமருந்து என்றாலே தசையை முறுக்கேற்றும் ஊசி என்று நினைக்கிறார்கள். இந்த நினைப்புதான் எனக்குப் பெரிய தலைவலி. ஓட்டக்காரருக்கு பீட்டா பிளாக்கர் கொடுத்தால் அவர் வேகம் குறையத்தான் செய்யும். ஆனால் குழியே இல்லாத மேசையில், அதுவும் மூன்று குஷன் ஆட்டத்தில், உங்கள் பந்து, தொட வேண்டிய இரண்டு பந்துகளில் இரண்டாவதைத் தொடும் முன் மூன்று முறையாவது குஷனில், அதாவது மேசையின் ஓரத் தடுப்பில், பட்டாக வேண்டும். கியூ என்கிற கோலின் நுனி ஒரு மயிரிழை விலகினாலும் மூன்றாவது குஷனுக்குள் பந்து எங்கோ போய்விடும். அங்கே படபடக்கும் நெஞ்சை அடக்கி, நடுங்கும் கையை நிறுத்துகிற மருந்து என்ன செய்யும்? ஆட்டக்காரரின் பலமே அசையாத கைதானே! அதனால்தான் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை பில்லியர்ட்ஸின் எல்லா வகைகளிலும் போட்டிக் காலத்தில் பீட்டா பிளாக்கரைத் தடை செய்திருக்கிறது. வில்வித்தைக்கும் துப்பாக்கி சுடுதலுக்கும்கூட இந்தத் தடை உண்டு.

இந்த விளையாட்டில் ஆடும் காலம் நீளம். சுவீடனின் டோர்ப்ஜோர்ன் ப்ளோம்டால் 2019இல் உலக சாம்பியன் ஆனபோது அவருக்கு வயது 57. அந்த வயதில் ரத்த அழுத்தம் வருவது இயல்பு, மருந்தும் தேவைதான். கேள்வி எந்த மருந்து என்பதுதான். அம்லோடிபின், டெல்மிசார்ட்டன் போன்றவற்றுக்குத் தடையில்லை. ஆனால் அவற்றோடு ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்த்த மாத்திரையும் விற்கிறது. அது சிறுநீர் பெருக்கி, போட்டி இல்லாத நாளிலும் தடைதான். அட்டையின் பின்பக்கச் சிறிய எழுத்தைப் படியுங்கள்.

கண் அழுத்த நோய்க்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்தும் பீட்டா பிளாக்கர்தான். சொட்டு மருந்தை மருந்துக் கணக்கிலேயே யாரும் சேர்ப்பதில்லை!

இளையவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். இறுதி ஆட்டத்துக்கு முன் கை நடுங்குகிறது என்று வீட்டுப் பெரியவரின் மாத்திரையில் ஒன்றைப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆஸ்துமா இருந்தால் மூச்சே திணறிவிடும். "தெரியாமல் போட்டேன்" என்றாலும் மாதிரியில் மருந்து இருந்தால் பொறுப்பு உங்களுடையது. 2 ஆண்டு வரைகூடத் தடை வரலாம்.

அதே சமயம், ஏற்கெனவே பீட்டா பிளாக்கர் எடுப்பவர்கள் இதைப் படித்த பயத்தில் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. நெஞ்சுவலி வரலாம், மாரடைப்பே வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மாற்று மருந்தே இல்லாத இதய நோய் என்றால் சிகிச்சைப் பயன்பாட்டு விலக்கு, அதாவது தடையுள்ள மருந்தைச் சிகிச்சைக்காக எடுக்க அனுமதி, கேட்கலாம். போட்டிக்குக் குறைந்தது 30 நாள் முன்பே விண்ணப்பியுங்கள். கிடைக்கும் என்று உறுதியில்லை, கையை நிலைப்படுத்தும் மருந்தை இந்த ஆட்டத்தில் எளிதில் விடமாட்டார்கள்.

அப்புறம், சக மருத்துவர்களே, சீட்டு எழுதும் முன் "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அந்த மூவரிடமும் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.