உருமீட்பு: ‘பழமை மாறாமல் புதுப்பித்தல்’ ஏன் தவறு?

‘1952 செவ்ரோலே பிக்அப், பழமை மாறாமல் புதுப்பிக்கப்பட்டது.’ பழைய வண்டியைப் பற்றித் தமிழில் யார் எழுதினாலும் இந்த வரி எங்காவது வந்து உட்கார்ந்துவிடுகிறது. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கண்ணாடி போல மின்னும் கிளியர் கோட் என்ற நிறமற்ற மேல்பூச்சு. பின்தொட்டித் தரையில் வார்னிஷ் அடித்த ஓக் பலகை. ஆலன் சாவி போட்டு முடுக்கிய ஸ்டெயின்லெஸ் போல்ட். ரேடியல் டயர். முகப்புக் கம்பி முழுக்கக் குரோம். மாறாமல் இருக்கும் பழமை எது என்று தேடினால் வண்டியின் வளைவு ஒன்றுதான் மிஞ்சும்.

எழுதியவரை மட்டும் குறை சொல்ல முடியாது. ரெஸ்டரேஷன் என்பதற்குக் கைக்கு எட்டிய சொல்லை எடுத்துப் போட்டிருக்கிறார். அந்தச் சொல்லே தவறு என்பதுதான் இங்கே வழக்கு.

ரெஸ்டரேஷன் என்பது ஒரு பொருளை அது முன்பு இருந்த, ஆதாரத்தோடு அறியக்கூடிய ஒரு நிலைக்குத் திருப்பிக் கொண்டுவருவது. வேர் லத்தீன் ‘ரெஸ்டௌராரே’. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இழந்த தெம்பைத் திருப்பித் தரும் சூப்புக்குப் பிரெஞ்சில் இதே வேரிலிருந்து பெயர் வைத்தார்கள். அது விற்ற கடைக்கும் அந்தப் பெயரே நிலைத்தது. ரெஸ்டாரண்டும் ரெஸ்டரேஷனும் பங்காளிகள். சொற்பிறப்புக்கு இது போதும்.

இனி ‘புதுப்பித்தல்’. உரிமத்தைப் புதுப்பிக்கிறோம், சந்தாவைப் புதுப்பிக்கிறோம், வீட்டைப் புதுப்பிக்கிறோம். மூன்றிலும் பழையது காலாவதியாகிறது, அதன் இடத்தில் புதியது வருகிறது. சமையலறையில் பழைய தளக்கல் போய்ப் புதுக்கல் வந்தால் நல்ல வேலை என்கிறோம். பழைய கல் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. பிக்அப்பில் அந்தக் கேள்விதான் முதல் கேள்வி. ‘பழமை மாறாமல்’ என்ற அடைமொழியை முன்னால் ஒட்டியதே, புதுப்பித்தல் என்ற சொல் பழமையை மாற்றிவிடும் என்று எழுதுபவருக்கே தெரிந்திருப்பதால்தான். தான் சொல்வதை மறுக்க ஒரு காவலாளைக் கூடவே கூட்டிவரும் சொல், கலைச்சொல் ஆகாது.

அதைவிட மோசம் ‘மறுசீரமைப்பு’. மொழிபெயர்ப்பாளர்களுக்கு இதன் மேல் அப்படி என்ன காதலோ! மாநில மறுசீரமைப்பு என்றால் எல்லை மாறும். கடன் மறுசீரமைப்பு என்றால் தவணையும் வட்டியும் மாறும். நிறுவன மறுசீரமைப்பு என்றால் நாற்காலிகள் மாறும், சிலருக்கு நாற்காலியே இருக்காது. அமைப்பை மாற்றி அடுக்குவதற்கென்றே தமிழில் ஊன்றிப்போன சொல் இது. அமைப்பை மாற்றாமல் காப்பதற்கு இதையே நீட்டுவது எதிர்ச்சொல்லைக் கொண்டு பொருள் சொல்வது. ஆறு சிலிண்டர் எஞ்சினைக் கழற்றி எறிந்து இன்றைய வி-8 ஒன்றை இறக்கி, டிஸ்க் பிரேக் போட்டு, ஏசி வைத்து, பழைய வெளிக்கூட்டை மட்டும் மேலே கவிழ்த்தால் அது நேர்மையான மறுசீரமைப்பு. ஆங்கிலத்திலும் அதற்கு ரெஸ்டோமாட் என்று தனிப்பெயர் உண்டு. அதில் தவறொன்றும் இல்லை, நன்றாகவும் ஓடும். பெயரைத்தான் மாற்றிச் சொல்லக்கூடாது.

புனரமைப்பு பாதி வடமொழி, பாதி தமிழ். அதை விட்டுவிட்டாலும், இடிந்ததை எழுப்புவது என்ற பொருளே அதில் முந்தி நிற்கிறது. கல்விப்புலம் விரும்பும் ‘மீட்டுருவாக்கம்’ கொஞ்சம் அருகில் வருகிறது. ஆனால் உருவாக்கம் என்றால் இல்லாததை உண்டாக்குவது. சேஸிஸில் ஒரு எண் மட்டும் மிஞ்சி, கேபின், கதவு, மட்கார்டு எல்லாம் இன்று அச்சில் அடித்துவரும் தகடுகளாக வாங்கிப் பூட்டியிருந்தால், அது மீட்டுருவாக்கம். அந்த இடத்துக்கு அந்தச் சொல் இருக்கட்டும். ‘மீட்டமை’யைக் கைபேசி எடுத்துக்கொண்டது, அங்கே அதை அழுத்தினால் உள்ளே இருந்ததெல்லாம் அழிந்துபோகும். பிக்அப்புக்கு வேண்டாம், சாமி.

மீள் என்ற வேர்தான் சரியான வேர். அடகு நகையை மீட்பதை நினைத்துப் பாருங்கள். கடையிலிருந்து திரும்பி வருவது அதே நகை. கல் கழன்றிருந்தால் பதிக்கலாம், அழுக்கு நீக்கலாம், ஆனால் வேறொன்றைத் தந்தால் வாங்குவோமா? பழைய நகையை உருக்கிப் புதிது பண்ணுவதற்கு ‘அழித்துச் செய்தல்’ என்று தனியாகவே சொல் வைத்திருக்கிறோம். ரெஸ்டரேஷனுக்கும் ரெஸ்டோமாடுக்கும் உள்ள வேறுபாடு முழுதும் இந்த இரண்டில் அடங்கிவிடுகிறது.

‘மீட்பு’ என்று மட்டும் விட முடியாது. ‘வாகன மீட்பு’ என்றால் பள்ளத்தில் விழுந்த வண்டியைக் கிரேனில் தூக்குவது. ஆகவே உரு + மீட்பு, உருமீட்பு. எதிரே உருமாற்றம் ஏற்கெனவே நிற்கிறது, ரெஸ்டோமாடுக்கு அதுவே போதும். வினையாக ‘உருமீட்ட பிக்அப்’ என்று எழுதுங்கள்; ‘மீட்டிய பிக்அப்’ என்றால் அதை மடியில் வைத்து வாசித்ததாக ஆகிவிடும். வீணைக்குத்தான் மீட்டுதல்.

‘உரு என்றால் வெளித்தோற்றம்தானே, எஞ்சின் என்ன ஆவது’ என்று கேட்கலாம். எஞ்சின் ஓடவில்லை என்றால் அது பழுது, அதற்குப் பழுதுபார்ப்பு இருக்கிறது. பிஸ்டன் ரிங் மாற்றுவது உருமீட்பு அல்ல. ஆனால் எந்த எஞ்சின், எந்த நிறத்தில், எந்தக் கார்புரேட்டரோடு உட்கார்ந்திருந்தது என்பது உருவைச் சேர்ந்தது.

சொல்லைத் தராசில் வைக்க, வேலையைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். வண்டியின் முதல் நிறம் என்ன? புதுப்பிப்பவர் நிற அட்டையை விரிப்பார். உருமீட்பவர் வண்டியிடம் கேட்பார். வெயிலும் மழையும் படாத இடம் ஒன்றைத் தேடுங்கள்: முகப்பு எழுத்துத் தகட்டின் பின்புறம், மட்கார்டு பாடியோடு சேரும் இடுக்கு, கதவு மூடும் ஓரம். நாணய அளவுக்கு 400 எண் வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, 800-க்கும் பிறகு 1500-க்கும் போனால், மரத்தின் ஆண்டு வளையம் போல நிறங்கள் வளையம் வளையமாகத் தெரியும். நடுவில் இரும்பு, அதைச் சுற்றி பிரைமர், அதற்கு அடுத்தது ஆலை நிறம், வெளியே பின்னால் வந்தவர்கள் அடித்ததெல்லாம். இங்கே அடிக்கடி நடக்கும் பிசகு, இரும்பை ஒட்டிய பிரைமரையே முதல் நிறம் என்று எடுத்துக்கொள்வது. ஒரே இடத்தை நம்பாமல் மூன்று இடத்தில் பார்க்க வேண்டும். கேபினின் உட்புறத்துக்கு வேறு நிறம் இருந்திருக்கலாம் என்பதால் உள்ளே கிடைத்ததை வெளியே அடித்துவிடக் கூடாது.

நிறம் கிடைத்தாலும் மினுமினுப்பு தவறலாம். அக்கால பிக்அப்களுக்கு அடித்தது எனாமல். நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில். மேலே தனியாகக் கிளியர் கோட் அடிப்பது பல பத்தாண்டுகள் கழித்து வந்த பழக்கம். அதை 1952 வண்டியில் அடித்தால் நிறத்துக்கு மேலே ஒரு அங்குலம் தண்ணீர் நிற்பது போன்ற ஆழம் தெரியும். ஆலையில் அந்த ஆழம் இருந்ததே இல்லை. எனாமல் கிடைக்காவிட்டால் ஒற்றைப் பூச்சு யூரித்தேன் அடித்து, பாலிஷை அளவோடு நிறுத்துவதுதான் அருகில் வரும் வழி.

முகப்புக் கம்பிக்கு வருவோம். 1952 கொரியப் போர்க் காலம். நிக்கலும் குரோமியமும் படைத்தேவைக்குப் போனதால், குரோம் பூச்சு எதிர்பார்க்கும் பாகங்கள் பல வெறும் பெயிண்டோடு வெளிவந்தன. அந்த ஆண்டு வண்டிக்கு முகப்பு முழுக்கக் குரோம் போட்டு ‘ஆலைத் தோற்றம்’ என்பது, ஆலை கொடுக்காததைக் கொடுப்பது. பின்தொட்டியும் அப்படித்தான். வேலை வண்டிக்குப் பைன் பலகை போட்டு, மேலே பெயிண்ட் அடித்து, நடுவில் இரும்புப் பட்டை வைத்து அனுப்பினார்கள். நெல் மூட்டை ஏற்றும் இடத்தில் சாப்பாட்டு மேசையை விரித்த மாதிரி ஓக்கும் வார்னிஷும் வந்தது பிற்காலப் பட்டறைகளின் ஆசை. இதற்கும் ஒரு பெயர் வேண்டும் என்றால் மிகைமீட்பு எனலாம்.

ஆண்டுக் கலப்பு இன்னொரு பொறி. செவ்ரோலே 1947-இல் கொண்டுவந்த அந்த வரிசையில் கதவின் சிறு முக்கோணக் கண்ணாடி 1951-இல்தான் வந்தது. வெளிக் கதவுப்பிடி 1952-இல் அழுத்து பொத்தானாக மாறியது. முக்கோணக் கண்ணாடி வைத்த கதவை 1949 கேபினில் மாட்டினால் அச்சுப் பிசகாமல் பொருந்தும். பொருந்துவதால்தான் ஆபத்து. கட்டடங்களுக்காக 1964-இல் எழுதிய வெனிஸ் சாசனம், யூகம் தொடங்கும் இடத்தில் இந்த வேலை நின்றுவிட வேண்டும் என்கிறது. பழைய வாகனங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபிவாவின் டூரின் சாசனமும் பேணல், பழுதுபார்ப்பு, உருமீட்பு மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. தமிழில் மூன்றுக்கும் ஒரே ‘புதுப்பித்தல்’.

அந்தப் பிரிவு வெறும் ஏட்டுப் பிரிவு அல்ல என்பதற்கு கேபினின் கீழ் மூலை ஒன்று போதும். பழைய பிக்அப்பில் முதலில் சல்லடையாவது அதுதான். ஓட்டை மேல் தகட்டை ஒட்டி, ரிவெட் அடித்து, பட்டி பூசினால் வண்டி மறுநாள் சாலைக்குப் போகும், அது பழுதுபார்ப்பு. இரண்டு தகட்டுக்கும் இடையில் ஈரம் தங்கி உள்ளிருந்து அரிக்கும், சில மழைக்காலத்தில் பெயிண்டின் மேல் ஒட்டின் கோடு எழும்பும். உருமீட்பில் துருவை நல்ல இரும்பு வரும்வரை வெட்டியெடுத்து, சுமார் 1.2 மில்லிமீட்டர் தகட்டை அதே வளைவில் செய்து, விளிம்போடு விளிம்பு வைத்து, 0.6 மில்லிமீட்டர் கம்பியில் பொட்டுப் பொட்டாக வெல்டிங் வைக்க வேண்டும். ஒரு பொட்டுக்கும் அடுத்ததற்கும் 25 மில்லிமீட்டர் இடைவெளி. ஒரு முனையில் ஒன்று வைத்தால் அடுத்தது மறுமுனையில். கை வைத்தால் சுடாத வரை ஆறவிட்டுத்தான் இடைவெளியை நிரப்ப வேண்டும். அவசரப்பட்டு ஒரே கோடாக ஓட்டினால் தகடு அப்பளமாக நெளியும். பிறகு அந்த நெளிவை மறைக்கக் கை தானாகப் பட்டி டப்பாவுக்குப் போகும்.

கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் உரு உண்டு. 1955 வரை ஃபோர்ட் பிக்அப்களில் 6 வோல்ட் மின்சாரம், அதுவும் நேர்முனை எர்த், அதாவது பேட்டரியின் நேர்முனையை வண்டியின் இரும்போடு இணைப்பது. துணிப் பின்னல் போர்த்திய வயரைத் தேடி வாங்கிப் போட்டுவிட்டு, பேட்டரி கேபிளை மட்டும் இன்றைய 12 வோல்ட் வண்டிக்குரிய ஒல்லிக் கேபிளாகப் போடுவார்கள். 12 வோல்ட்டுக்கான 36 வாட் பல்பு 3 ஆம்பியர் இழுத்தால், 6 வோல்ட்டுக்கான 36 வாட் பல்பு 6 ஆம்பியர் இழுக்கும். செல்ஃப் மோட்டாருக்கும் அதே கணக்கு. ஒல்லிக் கேபிளில் பாதி வழியிலேயே வோல்ட் இறங்கிவிட, மோட்டார் முனகும். உடனே ‘6 வோல்ட்டே இப்படித்தான்’ என்று எல்லாவற்றையும் 12-க்கு மாற்றிவிடுவார்கள். பழுது கேபிளில் இருந்தது; ‘00’ கேஜ் தடிக் கேபிள் போட்டு, எர்த் பிடிக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டியிருந்தால் தீர்ந்திருக்கும்.

இதோடு சேர்த்து இன்னொரு புகார். துரு லேசாக எட்டிப்பார்க்க, நிறம் தேய்ந்து பிரைமர் தெரிய, கதவில் பழைய கடைப்பெயர் மங்கலாக நிற்கும் வண்டியை அப்படியே விட்டுவைப்பதுண்டு. அந்தத் தேய்ந்த மேற்பரப்பை ஆங்கிலத்தில் பட்டினா என்பார்கள். அகராதியைப் பிரித்தவர் அதைக் ‘களிம்பு’ என்று எழுதிவிட்டார். செம்புப் பாத்திரத்தில் பச்சையாகப் பூப்பது களிம்பு. ‘அரிய களிம்புடன் கூடிய ஃபோர்ட் பிக்அப்’ என்று படித்தால் புளி போட்டுத் தேய்க்கத்தான் கை வரும். தேய்த்தால் போவது களிம்பு. தேய்த்தால் திரும்பி வராதது பட்டினா. காலத்தடம் என்று சொல்லலாம். அப்படி ஒரு வண்டிக்கு உருமீட்பும் வேண்டாம், பேணல் போதும்: சோப்புத் தண்ணீர், மெழுகு, உள்பக்கத் துருவுக்கு எண்ணெய்.