பனியில் பின்சக்கர ஸ்போர்ட்ஸ் கார்: வால் ஏன் வெளியே ஓடுகிறது?

கோலாலம்பூரில் பனி பெய்யாது, தெரியும். ஆனாலும் டிசம்பர், ஜனவரி வந்தால் நம்மவர்களில் ஒரு கூட்டம் இங்கிருந்து ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் இருக்கும் சப்போரோவுக்கு விமானம் ஏறி அங்கே வாடகைக்குக் கார் எடுக்கிறது. இன்னொரு கூட்டம் மாமாக் கடையில் தே தாரேவோடு உட்கார்ந்துகொண்டு, பனி மூடிய காலி மைதானத்தில் யாரோ ஒருவர் டொயோட்டா ஜிஆர்86 என்ற பின்சக்கர ஸ்போர்ட்ஸ் காரை வட்டமடிக்க விடும் வீடியோவைப் பார்த்து, "பின்சக்கர காடி பனிக்கு லாயக்கே இல்லடா" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறது. அந்தத் தீர்ப்பு பாதிதான் சரி.

பாதி தப்பு என்பதற்குச் சாட்சி வேண்டுமென்றால் சுவீடனைப் பாருங்கள். வோல்வோ 240, 1974 முதல் 1993 வரை தயாரான கார், பின்சக்கர இயக்கம், அதாவது எஞ்சின் சக்தி பின்சக்கரங்களுக்குத்தான் போகும். வருடத்தில் பல மாதம் பனி மூடிக் கிடக்கும் நாட்டில் அதில்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள், சந்தைக்குப் போனார்கள். நம் ஊரிலும் 1985இல் புரோட்டோன் சாகா முன்சக்கர இயக்கத்தோடு வருவதற்கு முன்னால் சாலையில் ஓடிய டாட்சன் 120ஒய் மாதிரி கார்களெல்லாம் பின்சக்கரம்தான். ஆக, பின்னால் தள்ளும் கார் என்பதாலேயே பனியில் ஓட்ட முடியாது என்று இல்லை. சரி, பிறகு எங்கே சிக்கல்?

பிடிப்பிலிருந்து ஆரம்பிக்கலாம். டயருக்கும் தரைக்கும் இடையே உள்ள உராய்வுக் குணகம் (பிடிப்பு எவ்வளவு என்று சொல்லும் எண்) காய்ந்த தார்ச்சாலையில் ஏறக்குறைய 0.8, 0.9. மழை நனைத்த சாலையில் 0.5 பக்கம். அழுந்திக் கெட்டியான பனியில் 0.2, வழுவழுப்பான பனிக்கட்டியில் 0.1 அல்லது அதற்கும் கீழே. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் காரை நிறுத்தக் காய்ந்த சாலையில் சுமார் 18 மீட்டர் போதும் (பிரேக்கை மிதித்த பிறகு ஓடும் தூரம் மட்டும், நீங்கள் யோசித்த நேரம் தனி). கெட்டிப் பனியில் அது 70 மீட்டர், பனிக்கட்டியில் 140. இந்தக் கணக்கில் எந்தச் சக்கரத்துக்கு எஞ்சின் சக்தி போகிறது என்ற கேள்வியே வரவில்லை, கவனித்தீர்களா? பிரேக் நாலு சக்கரத்துக்கும் உண்டு. ஃபோர்வீல் கார் எடுத்துவிட்டோம், இனிப் பயமில்லை என்று ஹொக்கைடோவில் அழுத்துகிறவர்கள் சீறிக் கிளம்புவார்கள், வளைவிலும் சிக்னலிலும் மற்ற எல்லாரையும் போலத்தான் வழுக்குவார்கள்.

இருக்கிற அந்தக் கொஞ்சம் பிடிப்பையும் டயர் பங்கு போட வேண்டியிருக்கிறது. முன்னே தள்ள, பிரேக் பிடிக்க, பக்கவாட்டில் திருப்ப, எல்லாவற்றுக்கும் ஒரே கையிருப்புதான். ஆக்ஸிலரேட்டரை மிதித்து மொத்தத்தையும் தள்ளுவதற்கே செலவழித்துவிட்டால் பக்கவாட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது, அதுவும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்துவிட்டால் பக்கவாட்டுப் பிடிப்பு அநேகமாகக் காலி. இதைக் காகிதத்தில் ஒரு வட்டமாக வரைந்து காட்டுவார்கள். ஜெர்மன் பொறியாளர் வுனிபால்ட் காம் பெயரில் காம் வட்டம் என்று சொல்வார்கள். பனியில் அந்த வட்டம் நாலில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன், பொதுவாக யாரும் இதைப் பேசுவதில்லை. ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு ஏன் பின்சக்கர இயக்கம் வைக்கிறார்கள்? கார் சீறிக் கிளம்பும்போது எடை பின்பக்கம் சாய்கிறது, தள்ளுகிற சக்கரம் தரையில் நன்றாக அழுந்துகிறது. எவ்வளவு எடை மாறும் என்பது முடுக்கத்தையும், காரின் ஈர்ப்பு மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் எவ்வளவு தூரம் என்பதையும் பொறுத்தது. ஒரு சாதாரணக் கணக்கு போடுவோம். நின்ற நிலையில் 47 சதவீத எடை பின்னால் இருக்கும் ஒரு ஸ்போர்ட்ஸ் கார், ஈர்ப்பு மையம் 45 சென்டிமீட்டர் உயரம், அச்சுகளுக்கு இடையே இரண்டரை மீட்டர். காய்ந்த சாலையில் முடிந்த மட்டும் வேகமாகக் கிளம்பினால் பின்சக்கரங்கள் மேல் எடை 56 சதவீதமாக ஏறுகிறது. அதே நேரத்தில், 61 சதவீத எடை முன்னால் இருக்கும் கொஞ்சம் உயரமான ஒரு குடும்பக் கார், முன்சக்கர இயக்கம், அதற்கு எடை பின்னால் ஓடிப்போய் இழுக்கிற சக்கரத்தில் 52 சதவீதம்தான் நிற்கும். பின்சக்கரம் ஜெயித்தது.

அப்படியே பனிக்கு வாருங்கள், உராய்வு 0.2. கிளம்பும் வேகமே குறைவு என்பதால் எடை மாறுவதும் குறைவு. ஸ்போர்ட்ஸ் காரின் பின்பக்கம் 49 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. குடும்பக் காரின் முன்பக்கம் 59 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பின்சக்கரத்துக்குச் சாதகமாக இருந்த வித்தை, அதற்குத் தேவையான பிடிப்பே இல்லாததால் வேலை செய்யவில்லை. மேட்டில் ஏறும்போது இது நன்றாகத் தெரியும்: இதே கணக்கில் நம் ஸ்போர்ட்ஸ் கார் 100 மீட்டருக்குப் பத்து மீட்டருக்குச் சற்றுக் குறைவாக உயரும் சரிவு வரைதான் ஏறும், குடும்பக் கார் பதினொன்றரை மீட்டர் மாதிரி ஏறிவிடும். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் பேசுகிற அளவுக்குப் பெரியது இல்லை. கெந்திங் மலைச் சாலையில் ஒரு நாள் பனி கொட்டினால் இரண்டுமே பாதியில் நின்றுவிடும் என்பது என் கணிப்பு.

எஞ்சினைப் பின்னால் வைத்த போர்ஷ 911 மட்டும் இங்கே தனி ஜாதி. நின்றபடியே அறுபது சதவீதத்துக்கு மேல் எடை பின்சக்கரங்களில் இருப்பதால் பனியில் நன்றாகவே கிளம்பும். சரக்குப் பெட்டியில் மணல் மூட்டை போட்டு ஓட்டும் பழக்கமும் இதே காரணத்தால்தான் வந்தது, பிக்கப் வண்டிகளுக்கு அது கைகொடுக்கும். சின்ன ஸ்போர்ட்ஸ் காரில் பின்னச்சுக்கும் பின்னால் எடையைக் குவித்தால் முன்பக்கம் லேசாகி ஸ்டீயரிங் பிடிப்பு குறையும், மூட்டையைக் கட்டாமல் விட்டால் அதுவும் உள்ளே சுற்றுலா போகும்.

கிளம்புவது ஒரு பக்கம், வளைவு இன்னொரு பக்கம். பயப்பட வேண்டியது வளைவுக்குத்தான். அம்புக்குப் பின்னால் கட்டிய இறகு என்ன வேலை செய்கிறதோ அதையேதான் காரின் பின் டயர்கள் செய்கின்றன, உடம்பைப் போகிற திசையிலேயே வைத்திருக்கின்றன. முன்சக்கரக் காரில் மிதித்ததும் வழுக்குவது முன் டயர். கார் திரும்பாமல் நேராகப் போகப் பார்க்கும், ஓட்டுநர் பயந்து காலை எடுப்பார், பிடிப்பு திரும்ப வந்துவிடும். மனித இயல்பே அங்கே வைத்தியம். பின்சக்கரக் காரில் வழுக்குவது இறகு. வால் வெளியே போகப் போகக் கார் இன்னும் குறுக்காகத் திரும்புகிறது, திரும்பத் திரும்ப வால் இன்னும் வேகமாக வெளியே போகிறது; தானே தன்னை வளர்த்துக்கொள்ளும் சங்கதி இது. பயந்து படாரென்று காலை எடுத்தால் சில நேரம் நிலைமை மோசமாகும், ஏனென்றால் எஞ்சின் பிரேக்கிங் (காலை எடுத்ததும் எஞ்சினே சக்கரத்தின் வேகத்தைக் குறைப்பது) பின்சக்கரங்களில் மட்டும் விழுகிறது, எடையும் முன்னால் ஓடிவிடுகிறது. கியரைச் சட்டென்று குறைத்தாலும் இதே கதைதான்.

அதனால் அங்கே பழகினவர்கள் சொல்வது: இரண்டாவது கியரில் மெதுவாகக் கிளம்பு, வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடு, வளைவுக்குள் கால் அசையவே கூடாது. வால் போனால், போகிற பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்பு, கண் மட்டும் நீ போக வேண்டிய இடத்தில் இருக்கட்டும், ஆக்ஸிலரேட்டரை மெல்லத் தளர்த்து, மேனுவல் என்றால் கிளட்சை மிதித்துச் சக்கரங்களை எஞ்சினிடமிருந்து விடுவித்துவிடு. கார் நேரானதும் ஸ்டீயரிங்கைத் திருப்பிக் கொண்டுவர மறந்தால் வால் எதிர்ப்பக்கம் இன்னும் வேகமாக அடிக்கும். பலபேர் சுழல்வது அந்த இரண்டாவது அடியில்தான்.

இன்றைய கார்களில் இந்த வேலையில் பாதியைக் கணினி பார்த்துக்கொள்கிறது. 1995இல் போஷ் நிறுவனத்தின் ஈஎஸ்பி என்ற, கார் சுழலாமல் காக்கும் மின்னணு அமைப்பு மெர்சிடிஸ் எஸ்-கிளாஸில் வந்தது: ஸ்டீயரிங் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, கார் உண்மையில் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று இரண்டையும் ஒப்பிட்டு, வால் வெளியே போகிறது என்று தெரிந்தால் வெளிப்பக்க முன்சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்துக் காரை நேராக்கும். அருமையான சாதனம், ஆனால் 0.2 என்ற எண்ணை அது 0.3 ஆக்காது. பனியில் புதைந்து நின்றுவிட்டால் சக்கரம் சுற்றியதும் சக்தியை வெட்டிவிடும் டிராக்‌ஷன் கண்ட்ரோல் உதவாமல் போகலாம், அப்போது மட்டும் அதை அணைத்து முன்னும் பின்னும் ஆட்டி வெளியே எடுப்பார்கள். வீடியோக்காரர்கள் வேறு காரணத்துக்காக அணைக்கிறார்கள், அது நமக்கு வேண்டாம்.

இவ்வளவும் சொன்ன பிறகும், என்னைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் மேலே டயர்தான். ரப்பர் பிடிப்பதே அது தரையின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப நெளிந்து உட்காருவதால். ஸ்போர்ட்ஸ் கார்களோடு வரும் கோடைக்கால டயரின் கலவை சூட்டில் நன்றாகப் பிடிக்கும்படி செய்தது. ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழே போனால் விறைக்கத் தொடங்குகிறது, உறைநிலைக்குக் கீழே அதில் வெடிப்பே விழலாம் என்று தயாரிப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள். குளிர்கால டயர் விறைக்காமல் இருக்கப் பல கலவைகளில் இயற்கை ரப்பரையும் சிலிக்காவையும் கூடுதலாகச் சேர்க்கிறார்கள், காரணம் இயற்கை ரப்பர் கண்ணாடி போல இறுகுவது பூஜ்யத்துக்குக் கீழே 70 டிகிரி பக்கத்தில்தான். நம் தாத்தா பாட்டிகள் விடியற்காலையில் பால்மரம் வெட்டிச் சேர்த்த அதே பால். 1876இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதைகள், அதிலிருந்து 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகள், அதில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டது, அப்புறம் எஸ்டேட்டுகள் வந்தது எல்லாம் நமக்குத் தெரிந்த கதை. பனியையே பார்க்காத ஒரு மரத்தின் பால் பனிக்கு இவ்வளவு தோதாக இருப்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

கலவை மட்டும் போதாது. குளிர்கால டயரின் பட்டைகளில் மெல்லிய கீறல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும், அந்த ஓரங்கள்தான் பனியைக் கடிக்கும். அகலப் பள்ளங்களில் பனி நெருக்கமாக அடைந்துகொள்ளும், பனியோடு பனி ஒட்டுவது ரப்பரோடு ஒட்டுவதைவிட வலுவானது, அதனால் அடைந்துகொண்ட பனியே பிடிப்பைக் கூட்டுகிறது. பனிக்கட்டி வேறு மாதிரி. அதன் மேற்பரப்பில் நீர்ப்படலம் இருக்கிறது, பூஜ்யம் டிகிரியை ஒட்டி அது தடிப்பாக இருப்பதால் அப்போதுதான் மிக மோசமாக வழுக்கும், கடுங்குளிரில் பனிக்கட்டி கொஞ்சம் பிடிக்கவே செய்யும். ஜப்பானில் முன்பு இதற்கு இரும்பு ஆணி வைத்த டயர் போட்டார்கள், ஆணி தார்ச்சாலையைச் சுரண்டி ஊரெல்லாம் தூசி பறந்ததில் 1990இல் அதற்கு எதிராகச் சட்டம் வந்தது. 1988இல் பிரிட்ஜ்ஸ்டோன் கொண்டுவந்த பிளிசாக் போன்ற ஆணியில்லா டயர்கள் நுண்துளை ரப்பரால் அந்த நீர்ப்படலத்தை உறிஞ்சி விலக்குகின்றன. ஸ்போர்ட்ஸ் கார் டயரின் அகலமும் பனியில் பலன் தராது, அகல டயர் புதுப்பனியின் மேலே மிதக்கும். சுவீடன் ராலியில் ஓடும் கார்களின் டயர் ஒல்லியாக இருப்பது கீழே இருக்கும் கெட்டித் தரையைத் தேடித்தான். அதோடு ஜிஆர்86 மாதிரி காரின் வயிறு தரையிலிருந்து 13 சென்டிமீட்டர்தான், அதற்கு மேல் பனி விழுந்தால் கார் பனியைத் தள்ளும் கலப்பை ஆகிவிடும்.

நம் ஊருக்கு இதில் என்ன வேலை என்றால், கணக்கு அதேதான், எண்தான் வேறு. நாலு நாள் வெயிலுக்குப் பிறகு சாயங்காலம் மழை கொட்டும்போது, முதல் சில நிமிடங்களில் சாலையில் கிடந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு குழைந்து பிடிப்பைக் குறைக்கும். காராக் நெடுஞ்சாலை வளைவில் தேய்ந்த டயரோடு பின்சக்கரக் காரில் காலை அழுத்துகிறவருக்கு வால் வெளியே போகப் பனி தேவையில்லை. அதற்காக மலிவாகக் கிடைக்கிறது என்று பனிக்கால டயரை இங்கே மாட்டிவிடாதீர்கள், நம் மத்தியான வெயிலில் அந்த மிருது ரப்பர் நெளியும், சீக்கிரம் தேயும், பிரேக் தூரமும் கூடும்.

ஹொக்கைடோவில் கார் எடுக்கிறவர்கள் சாவி வாங்கியதும் டயரைக் குனிந்து பாருங்கள். நம் ஊரில் டயர்ப் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர் மிஞ்சும் வரை தேயலாம் என்பது சட்டம். ஆனால் ஜப்பானின் ஆணியில்லா டயர்களில் பாதி ஆழத்திலேயே ஒரு மேடை மாதிரி தடிப்பு வைத்திருக்கிறார்கள். அது மேல்பரப்போடு சமமாகிவிட்டிருந்தால், பள்ளம் எவ்வளவு மிச்சமிருந்தாலும் அந்த டயர் பனிக்கு முடிந்துபோனது என்று அர்த்தம், வேறு கார் கேளுங்கள்.