வைப்பு வட்டியில் 10 வீதம் வெட்டுகிறார்களா? ஒரு பிரகடனப் படிவம் போதும்

பெரியம்மா கொட்டகலைப் பக்கம் தமிழ்ப் பாடசாலையொன்றில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கைக்கு வந்த பணத்தில் 15 இலட்சத்தை ஹட்டன் டவுனில் ஒரு வங்கியில் நிலையான வைப்பாகப் போட்டார். வருட வட்டி 8 வீதம். கணக்குப்படி மாதம் 10,000 ரூபாய் வர வேண்டும். பாஸ் புத்தகத்தில் விழுந்ததோ 9,000. "மாசா மாசம் ஆயிரத்த வங்கிக்காரங்க எடுத்துக்கிறாங்கடா" என்று எட்டு மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தார்.

வங்கி அதை எடுத்து வைத்துக்கொள்வதில்லை. இலங்கையின் வரி வசூலிக்கும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்புகிறது. அதற்குப் பெயர் முற்பண வருமான வரி. 2023 ஜனவரியில் வட்டிக்கு 5 வீதமாக வந்தது, 2025 ஏப்ரல் 1 முதல் 10 வீதமாகியது. பெயரிலேயே இருக்கிறது பாருங்கள், முற்பணம். வருமான வரி கட்ட வேண்டியவரிடம் முன்கூட்டியே வாங்கி வைப்பது. வரியே கட்டத் தேவையில்லாத ஆளிடம் வாங்கினால் அது வீண் வெட்டுத்தான்.

யார் கட்டத் தேவையில்லை? அதே 2025 ஏப்ரலிலிருந்து ஒருவரின் வருட வருமானத்தில் முதல் 18 இலட்சத்துக்கு வரி இல்லை. முன்பு அது 12 இலட்சமாக இருந்தது. வட்டியிலிருந்து மட்டும் 18 இலட்சம் வர வேண்டுமானால், 8 வீதத்தில் இரண்டே கால் கோடி ரூபாய் வைப்பு வேண்டும். நம் பக்கத்தில் ஓய்வு பெற்ற டீச்சருக்கோ, சேமலாப நிதிப் பணத்தை வங்கியில் போட்டிருக்கும் தோட்டத் தொழிலாளிக்கோ அவ்வளவு எங்கே இருக்கிறது? ஆனாலும் பணம் வெட்டுப்படுகிறது. ஏனென்றால் உங்கள் மொத்த வருமானம் எவ்வளவு என்று வங்கிக்குத் தெரியாது. நீங்கள் எழுதிக் கொடுக்கும் வரை அது வெட்டிக்கொண்டே இருக்கும்.

அப்படி எழுதிக் கொடுப்பதுதான் சுய பிரகடனம். "இந்த மதிப்பீட்டு ஆண்டில் என் வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாது, ஆகவே வட்டியில் வரி வெட்ட வேண்டாம்" என்று இலங்கையில் வசிக்கும் ஒருவர் கையெழுத்துப் போட்டுத் தரும் படிவம். வங்கிக் கிளையிலேயே கேட்டு வாங்கலாம். பெரியம்மாவுக்கு முதலில் நீட்டியது ஆங்கிலப் படிவம். தமிழில் தாருங்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். விளங்காத தாளில் கையெழுத்து வைக்கக் கூடாது, அதுவும் இப்படி ஒரு தாளில்.

அடையாள அட்டையோடு ஒரு டின் நம்பரும் வேண்டும், அதாவது வரி செலுத்துநர் அடையாள இலக்கம். இங்கேதான் பலர் பின்வாங்குகிறார்கள். "நம்பர் எடுத்தா வரி கட்டச் சொல்லுவாங்க" என்ற பேச்சு லயத்திலிருந்து டவுன் வரை இருக்கிறது. அது வெறும் பதிவு எண். வரி வருமானத்துக்குத்தான், எண்ணுக்கு இல்லை. திணைக்களத்தின் இணையத்தளத்தில் பதியலாம். ஏற்கனவே உங்கள் பெயரில் ஒரு எண் இருக்கவும் கூடும், திணைக்களமே பலருக்குப் பதிந்திருக்கிறது. அதனால் புதிதாக விண்ணப்பிக்கும் முன் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்துத் தேடிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் திணைக்களத்தின் 1944 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

சரி, 18 இலட்சத்தில் எதையெல்லாம் சேர்ப்பது? எல்லா வங்கிகளிலும் வரும் வட்டி, வீட்டு வாடகை, கடை வருமானம், சொந்தத் தேயிலைக் காணியில் கொழுந்து விற்று வரும் இலாபம், சம்பளம் வாங்கினால் அதுவும். இலங்கை அரசு தரும் பென்சன் வரி விலக்குப் பெற்றது, அதைச் சேர்க்க வேண்டாம். கொழும்பிலிருந்தோ டுபாயிலிருந்தோ பிள்ளை அனுப்பும் வீட்டுச் செலவுக் காசும் உங்கள் வருமானம் ஆகாது. வெளிநாட்டில் வேலை செய்து அங்கிருந்து பென்சன் வாங்குகிறவர்கள் மட்டும் கவனம். அரச பென்சனுக்கான இந்த விலக்கு இலங்கை அரசின் பென்சனுக்கு உரியது. அப்படிப்பட்டவர்கள் கையெழுத்துப் போடும் முன் திணைக்களத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது. பொய்ப் பிரகடனம் கொடுத்தால் தண்டனை உண்டு.

கணக்குப் போட்டதில் 18 இலட்சத்தைத் தாண்டுகிறதென்றால் படிவம் கொடுக்காதீர்கள், பயப்படவும் வேண்டாம். தாண்டிய தொகைக்கு மட்டுமே வரி, அதிலும் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம்தான். வங்கி ஏற்கனவே வெட்டியதை அதில் கழித்துக்கொள்வார்கள்.

ஒரு வங்கியில் கொடுத்த பிரகடனம் இன்னொரு வங்கியில் செல்லுபடியாகாது. மதிப்பீட்டு ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிவதால், ஒவ்வொரு ஆண்டும் புதிதாகக் கொடுக்க வேண்டும். சித்திரைப் புத்தாண்டு நெரிசலில் வங்கியில் கால் வைக்க இடம் இருக்காது, ஏப்ரல் முதல் சில நாட்களிலேயே போய்விடுங்கள். வட்டியை முதிர்வில் மொத்தமாக எடுக்கிறவர்கள் வைப்பு முதிர்வதற்கு முன் கொடுத்தால் சரி. கொடுத்த படிவத்தின் பிரதியில் வங்கி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இது சட்டத்தில் உள்ளதல்ல, என் அனுபவம். முதல் படிவம் எங்கே போனது என்று எங்கள் கிளையில் யாருக்கும் தெரியவில்லை, இரண்டாம் தடவை எழுத வேண்டியதாகிவிட்டது.

ஏற்கனவே வெட்டுப்பட்டதை வங்கி திருப்பித் தராது, அது திணைக்களத்துக்குப் போய்விட்டது. அதைத் திரும்பக் கேட்க, ஆண்டு முடிந்ததும் நவம்பர் 30க்குள் வருமான வரி விவரத்திரட்டைச் (அந்த ஆண்டின் வருமானத்தைக் காட்டும் படிவத்தை) சமர்ப்பித்து மீளளிப்புக் கோர வேண்டும். எவ்வளவு வெட்டினார்கள் என்பதற்கு வங்கியிடம் சான்றிதழ் வாங்குங்கள். வெட்டுப்பட்டது வெறும் 300 ரூபாய் என்றால், அதற்காக இந்த அலைச்சல் தேவையா? என்னைக் கேட்டால் தேவையில்லை. பெரியம்மாவுக்குப் போனது 8,000. அந்தச் சான்றிதழைப் பென்சன் அட்டை இருக்கும் அதே பொலித்தீன் பையில் போட்டு, அலுமாரிக்குள் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறார்.