பார்த்ததற்கும் படுத்ததற்கும் நடுவே

2022இல் யாழ்ப்பாணத்தில் எங்கள் நாள் மின்வெட்டு நேரத்தை வைத்தே நகர்ந்தது. அப்போது சி மொழியில் ஒரு சின்ன நிரல் எழுதியிருந்தேன். கரண்ட் போனதும், யூபிஎஸ்ஸைக் கவனிக்கும் வேறொரு நிரல் இதற்கு சிக்யூஸர்1 (SIGUSR1) என்ற சிக்னலை, அதாவது ஒரு நிரலைத் தட்டிச் சொல்லும் சிறு அறிவிப்பை, அனுப்பும். இது விழித்துக் கோப்புகளைச் சேமிக்கும். பெரும்பாலும் ஒழுங்காகத்தான் ஓடியது. எப்போதாவது ஒருநாள், சிக்னல் வந்தும் கும்பகர்ணன் மாதிரிக் கிடந்தது.

உள்ளே இருந்தது இரண்டே அடி. சிக்னல் வந்ததா என்று ஒரு மாறியைப் பார். வராவிட்டால் பாஸ் (pause) அழைப்பைச் செய்து அடுத்த சிக்னல் வரும்வரை தூங்கு. இதில் என்ன பிழை?

பாட்டுப் போட்டபடி பாண் விற்றுவரும் ஓட்டோவுக்கு அம்மம்மா காத்திருப்பதைப் பார்த்தால் விளங்கும். படலையடிக்குப் போய் எட்டிப் பார்ப்பார். "இன்னும் வரேல்லை." திரும்பி வந்து, பாட்டுக் கேட்டால் எழும்பலாம் என்று சாய்மனைக் கதிரையில் சரிவார். படலைக்கும் கதிரைக்கும் இடையில் நடக்கிறபோதே ஓட்டோ கடந்துவிட்டால் (காது வேறு கொஞ்சம் மந்தம்), அன்றைக்குப் பாண் இல்லை. என் நிரலும் மாறியைப் பார்த்துவிட்டது, பாஸுக்குள் இன்னும் போகவில்லை. அந்த இடைவெளியில் சிக்னல் வந்து, அது வந்தால் ஓடவென்று எழுதிவைத்த கையாளும் ஃபங்ஷனும் ஓடி, மாறியும் மாறியது. யார் திரும்பிப் பார்ப்பது? இடைவெளி மிகச் சிறியது என்பதால் சோதிக்கும்போது அகப்படவும் மாட்டாது.

இதைத் தீர்க்க முதலில் சிக்ப்ரொக்மாஸ்க் (sigprocmask) என்ற அழைப்பின் மூலம் அந்தச் சிக்னலைத் தடுக்க வேண்டும். தடுத்தால் அது தொலையாது, இயங்குதளத்தின் மையமான கேர்னல் நிலுவையில் வைத்திருக்கும். இனி நிதானமாக மாறியைப் பார்க்கலாம். சரி, பிறகு தடையை நீக்கி பாஸ் அழைத்தால்? அதே ஓட்டைதான், இடம் மட்டும் மாறியிருக்கிறது. தடை நீங்குவதும் தூங்குவதும் பிரிக்க முடியாத ஒரே செயலாக நடக்க வேண்டும். சிக்சஸ்பெண்ட் (sigsuspend) என்ற அழைப்பு செய்வது அதைத்தான். தடை போடும் முன் இருந்த தடுப்புப் பட்டியலின் பிரதியை அதனிடம் கொடுத்தால், அதைப் போட்டபடியே தூங்கும். நிலுவையில் சிக்னல் இருந்தால் ஃபங்ஷன் உடனே ஓடும், தூக்கமும் கலையும். திரும்பும்போது தடையையும் மறுபடி போட்டுவிடும். திரும்புவது -1 என்றுதான். அதைப் பிழை என்று எண்ணி அரை நாளைத் தொலைத்தவன் நான்.

நிலுவைக்கு எண்ணத் தெரியாது. சாதாரண சிக்னல் ஒவ்வொன்றுக்கும் ஒரே பிட்; தடை இருக்கையில் ஐந்து முறை வந்தாலும் ஒருமுறைதான் கையில் கிடைக்கும். ஒரு நிரல் தொடக்கிவிட்ட பிள்ளைப் புரொசஸ் முடிந்தால் சிக்சைல்ட் (SIGCHLD) என்ற சிக்னல் வரும். அதனால் அது ஒன்று வந்தால் ஒரு பிள்ளைதான் முடிந்தது என்று நம்பக்கூடாது; முடிந்த பிள்ளையின் கணக்கை முடிக்கும் வெயிட்பிட் (waitpid) அழைப்பை லூப்பில் போட்டு, முடிந்த அத்தனையையும் அள்ள வேண்டும். ரியல்டைம் சிக்னல்கள் என்ற தனி வகை மட்டும் ஒவ்வொன்றாக வரிசையில் நிற்கும். நிரலைக் கொல்லும் சிக்கில் (SIGKILL), நிறுத்திவைக்கும் சிக்ஸ்டாப் (SIGSTOP) இரண்டையும் தடுக்கவே முடியாது. தடுக்கச் சொன்னாலும் சிக்ப்ரொக்மாஸ்க் வாயே திறக்காமல் வெற்றி என்று திரும்பும்.

இன்றைக்கென்றால் சிக்வெயிட் (sigwait) அழைப்பைத்தான் எடுப்பேன். கையாளும் ஃபங்ஷனே வேண்டாம். தடுத்து வைத்த சிக்னல் வரும்வரை நின்று, அதன் எண்ணைக் கையில் தரும். ஒரே நிரலுக்குள் பக்கம்பக்கமாக ஓடும் த்ரெட்கள் இருந்தால், முதலாவதைத் தொடங்கும் முன்பே, நிரல் தொடங்கும் மெயின் ஃபங்ஷனில் பித்ரெட் சிக்மாஸ்க்கால் (pthread_sigmask) தடுத்துவிடுங்கள். பிறகு பிறக்கும் த்ரெட்கள் அந்தத் தடையோடேயே பிறக்கும்.