துணி லைனரில் எண்ணெய் அடிக்க விடாதீர்கள்

போன வாரம் கொழும்பு வெள்ளவத்தையில் உள்ள எங்கள் பட்டறைக்கு, பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த ஒரு ஹைபிரிட் கார் வந்தது. ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் முன்சக்கரத்தில் சரக் சரக்கென்று உரசும் சத்தம். "டயரை மாற்ற வேண்டுமா, தம்பி?" என்று கவலையோடு கேட்டார் உரிமையாளர், ஓய்வுபெற்ற ஆசிரியர். டயரில் ஒரு குறையும் இல்லை. மட்கார்டுக்கு உள்ளே சக்கரத்தின் மேல் வளைந்து மூடியிருக்கும் உறையான துணி லைனர் சேறும் எண்ணெயும் ஊறிக் கனத்து, இரண்டு கிளிப்புகளைப் பிடுங்கிக்கொண்டு டயர்மீது தொங்கியது. கழற்றிப் பார்த்தோம். மட்கார்டின் உள்விளிம்பில் துரு ஏறத் தொடங்கியிருந்தது.

பழைய கார்களில் இந்த இடத்தில் பிளாஸ்டிக்தான் இருக்கும். அடித்துக் கழுவினாலும் தாங்கும். இப்போது பல கார்களில் பாலியெஸ்டர் இழைகளை அழுத்திச் செய்த, கம்பளி போன்ற லைனர் வருகிறது. சக்கரம் வாரியடிக்கும் நீரின், கல்லின் ஓசையை அது உறிஞ்சிக்கொள்ளும். ஹைபிரிட் கார் எஞ்சின் அடங்கி மின் மோட்டாரில் ஓடும்போது சாலை இரைச்சல் அல்லவா பெரிதாகக் கேட்கும்? ஓசையைப் பிடிக்கும் அதே இழைகள் சேற்றையும் பிடித்துக்கொள்கின்றன. கடலோரச் சாலையான மரைன் டிரைவ் பக்கம் நிறுத்தும் காரென்றால் கடல் உப்பும் சேரும். அந்த உப்புச் சேறு ஈரமாகக் கிடக்கும் மட்டும் பக்கத்து இரும்பை அரித்துக்கொண்டே இருக்கும்.

ஆசிரியர் காரைக் கவனிக்காதவர் அல்லர். வாரந்தோறும் கழுவக் கொடுத்திருக்கிறார். கொடுத்த இடத்தில் உயர் அழுத்தப் பம்பின் முனையைத் துணியோடு ஒட்டிப் பிடித்து அடித்து, துருப்பிடிக்காது என்று சொல்லி மேலே எண்ணெயும் தெளித்திருக்கிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. துணியில் ஊறிய எண்ணெய் தூசியை இழுத்து ஒட்டவைக்கும். பிரேக் தட்டில் பட்டால் பிரேக் பிடிக்காது. அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

வீட்டில் கழுவுவதானால் முதலில் பிரேக் சூடு ஆறட்டும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பிவிட்டு, சாதாரணக் குழாய் நீரை மேலிருந்து கீழாக விடுங்கள். காய்ந்த சேற்றுக் கட்டியைச் சுரண்டாதீர்கள், ஊறவிட்டால் தானே கரையும். தெளிந்த நீர் வடியத் தொடங்கியபின் கார் ஷாம்பூ கலந்த நீரும் மென்மையான பிரஷும் போதும். பம்புதான் இருக்கிறதென்றால் முனையை இரண்டு அடியாவது தள்ளிப் பிடியுங்கள். லைனரின் ஓரத்திலும் கிளிப்பிலும், உள்ளே ஓடும் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) சென்சர் வயரிலும் நேராக அடிக்க வேண்டாம். தார்ப் புள்ளிகளைத் தேய்த்தால் பரவும், ஒற்றித்தான் எடுக்க வேண்டும். இவ்வளவு செய்தும் துணி சாம்பல் நிறமாகவே தெரியலாம். அதைப் போக்க நினைத்து அழுத்தித் தேய்த்தால் இழைதான் பிய்யும். கழுவிய ஈரத்தோடு கராஜில் பூட்டிவைக்காமல் சற்றுத் தூரம் ஓட்டிவிட்டு வாருங்கள்.

ஆசிரியரின் காரில் முன் லைனர்களை மூன்று முறை ஷாம்பூ நீரில் ஊறவைத்துக் கழுவி, வெயிலில் உலர்த்தி, துருவைத் தேய்த்தெடுத்த இடத்தில் பெயின்ட் பூசி, புதுக் கிளிப்புகளோடு மாட்டிக்கொடுத்தோம். பின்சக்கர லைனர்களிலும் எண்ணெய் ஊறியிருக்கிறது. அவற்றுக்காக வரும் சனிக்கிழமை அவரை வரச் சொல்லியிருக்கிறேன்.